ஆறுதல் சொல்கிறோம், ஆற விடுகிறோமா?

1

தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு, சாகாமல் பிழைத்து வீடு திரும்பிய ஒரு பிள்ளையின் அடுத்த ஆறு மாதத்தைப் பற்றித் தமிழில் எவ்வளவு எழுதியிருக்கிறோம்? விரல்விட்டு எண்ணவும் வேலையிருக்காது. செத்துப்போனவர்களைப் பற்றி நிறைய இருக்கிறது. இரங்கல் கவிதை இருக்கிறது, சிறப்பிதழ் இருக்கிறது, சுவரொட்டி இருக்கிறது, நினைவுநாள் கூட்டத்தில் பேச ஆளிருக்கிறது. பிழைத்து வந்தவனுக்கு இருப்பது ரெண்டே வாக்கியம். 'ஏண்டா இப்படிப் பண்ணின?' 'இனிமே இப்படிப் பண்ணாத.' இந்த ரெண்டுக்கும் நடுவில் அந்தப் பிள்ளை நாள்தோறும் படுகிற வருத்தம், எரிச்சல், கையாலாகாத கோபம் எதுவும் நம் இலக்கியத்துக்குள் சரியாக வந்து சேரவில்லை. சாட்சியத்தையே மூலதனமாகக் கொண்ட தலித் எழுத்துக்குள்ளும் வரவில்லை என்பதுதான் எனக்குக் கூடுதல் வயித்தெரிச்சல்.

தமிழில் புண்ணும் ஆறும், மனசும் ஆறும், சுடுகஞ்சியும் ஆறும். ஆறுவதற்கு நேரம் வேண்டும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆற முடியாமல் தவிப்பதை ஆற்றாமை என்கிறோம், சேரியில் ஆத்தாமை. நாம் போய் ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறோம். ஆறுகிற காலம் முழுக்க அந்தப் பிள்ளை தனியாகக் கிடக்கிறது. அந்தக் காலத்தை நம்முடைய பிரதிகள் என்ன செய்து வைத்திருக்கின்றன என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

மரபிலிருந்தே தொடங்கலாம். எம்.ஏ. தமிழ் வகுப்பில் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததை உருகி உருகி நடத்துவார்கள். பெற்ற பிள்ளைகளோடு பகை, மானம், வடக்கே பார்த்து உட்கார்ந்து உயிரை விடுதல். பிசிராந்தையார் வந்து பக்கத்தில் உட்காருகிற இடத்தில் வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அதே இடத்தில் பொத்தியார் என்றொரு புலவர் இருக்கிறார். கூடவே சாக வந்தவரை, உன் மனைவிக்குப் பிள்ளை பிறந்தபின் வா என்று சோழன் திருப்பி அனுப்பிவிட்டான். சாகப் போய்ச் சாகாமல் ஊர் திரும்பிய ஒரு மனிதன் புறநானூற்றிலேயே இருக்கிறான். உறையூரைப் பார்த்து அவர் அழுத பாட்டும் இருக்கிறது. அந்த அழுகை முழுக்க அரசனுக்கானது. அந்த இடைப்பட்ட நாட்களில் அவருக்குத் தொண்டையில் சோறு இறங்கியதா, பிறந்த பிள்ளையைத் தூக்கினாரா என்று ஒரு வரி கிடையாது. கடைசியில் அவரும் நடுகல்லிடம் இடம் கேட்டு வந்து சேர்ந்தபிறகுதான் மரபுக்கு நிம்மதி.

இது பழைய கதை என்று தள்ள முடியாது. 1964 ஜனவரி 25 அன்று மொழிக்காகத் திருச்சியில் உயிரை விட்ட கீழப்பழுவூர் சின்னசாமி, 2009 ஜனவரி 29 அன்று ஈழத்துக்காகச் சென்னையில் முத்துக்குமார், 2011 ஆகஸ்ட் 28 அன்று மூவர் தூக்குக்கு எதிராகக் காஞ்சிபுரத்தில் செங்கொடி. அவர்கள் எழுப்பிய கோரிக்கைகள் மீது நமக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தச் சாவுகளைச் சுற்றி மேடைகள் கட்டிய சொல்லாடல் இளைஞர்களுக்கு ஒரே பாடத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது: உயிரோடு இருந்து கத்தினால் யாரும் கேட்கமாட்டார்கள், செத்தால் கேட்பார்கள். இந்தப் பாடம் பொய். அதோடு ஆபத்தானது.

2

சினிமாவில் இது வேறு வேஷம் போடுகிறது. பொண்ணு ஏதோ பண்ணிக்கொண்டாள் என்று போன் வரும். அடுத்த காட்சியில் ஆஸ்பத்திரிக் கட்டில், பக்கத்தில் சொட்டுச் சொட்டாக இறங்குகிற பாட்டில். வில்லன் மாதிரித் திரிந்த அப்பா ஒரே அழுகையில் மனசு மாறுவார். அதற்கடுத்து கல்யாணம், அல்லது பாட்டு. ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் மாசக்கணக்கு இருக்கிறது என்பதைக் கத்திரித்துத் தூக்கிப்போட்டுவிடுவார்கள். அந்தப் பெண் கட்டுப் பிரிக்கும்போது என்ன பார்த்தாள், முதல்முதலாகத் தெருவில் இறங்கியபோது யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் கதைக்கு உதவாது. தன்னை மாய்த்துக்கொள்ள முயல்வது இங்கே அப்பாவைப் பணிய வைக்கிற ஒரு சாவி. சாவி திறந்ததும் தூக்கிப்போட்டுவிடலாம்.

தலித்துகளுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில் ஒரு கிழவன் வருகிறான். சாதிக்காகக் கொல்வான், கொன்றதை விபத்து போலவும் தற்கொலை போலவும் ஜோடித்துவிட்டுப் போவான். இது கற்பனை இல்லை. 2015 ஜூனில் பொறியியல் படித்த கோகுல்ராஜைக் கொன்று தண்டவாளத்தில் போட்டுவிட்டுத் தற்கொலை என்று காட்டப் பார்த்தார்கள். 2022 மார்ச்சில்தான் கொலையென்று தீர்ப்பு வந்தது. ஆகவே ஒரு தலித் இளைஞன் தன்னை என்னவோ செய்துகொண்டான் என்று சேதி வந்தால் நம் இயக்கத் தோழர்கள் முதலில் கேட்பது 'உண்மையா, ஜோடனையா?' என்பதுதான். கேட்கத்தான் வேண்டும். அந்தக் கேள்வியை விட்டுவிட்டால் நம்மை ஏய்த்துவிடுவார்கள்.

பிள்ளை உயிரோடு இருந்து, ஆமாம் நானேதான் செய்துகொண்டேன் என்று சொன்ன பிறகு என்ன நடக்கிறது என்பதைக் கவனித்துப் பாருங்கள். மெதுவாக ஒவ்வொருவராகக் கிளம்பிவிடுவோம். வழக்கு இல்லை, எதிரி இல்லை, மனு எழுத விஷயம் இல்லை. நிறுவனத்தை எதிர்த்துப் போராடத் தெரிந்த நமக்கு, கட்டிலோரம் உட்கார்ந்திருக்கத் தெரியவில்லை.

3

தமிழில் இந்த இடத்துக்கு மிக அருகில் வந்த நாவல் இமையத்தின் 'செல்லாத பணம்' (2018). 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பள்ளித் தலைமையாசிரியர் நடேசனின் மகள் ரேவதி பொறியியல் படித்தவள். ஆட்டோ ஓட்டுகிற ரவியை வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொள்கிறாள். பின்னால் உடம்பெல்லாம் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மரில் கிடக்கிறாள். அப்பா கையில் பணம் இருக்கிறது. அந்தப் பணம் எதையும் வாங்கித் தராது. தலைப்பு சொல்வது அதைத்தான்.

தீப்புண் வார்டுக்கு வெளியே காத்துக்கிடக்கிற சனங்களின் பேச்சை இமையம் அளவுக்கு எழுதியவர்கள் தமிழில் குறைவு. அவருடைய பலமே பேச்சுதான். அம்மா புலம்புகிறாள், அப்பா உள்ளுக்குள் உடைகிறார், அண்ணன் குதிக்கிறான். அன்றைக்கே பேசியிருக்கலாமே, ஒரு போன் பண்ணியிருக்கலாமே என்கிற குடும்பத்தின் வருத்தம் பக்கம் பக்கமாக ஓடுகிறது. வாசிக்கிறவர் தன் வீட்டுப் பிள்ளையை நினைக்காமல் புத்தகத்தை மூட முடியாது.

எனக்கு ஒரு கேள்வி உண்டு. நாவலில் வருத்தப்படுகிற உரிமை வெளியே நிற்பவர்களுக்கே அதிகம் கிடைத்திருக்கிறது. உள்ளே கிடக்கிறவளுக்குக் கிடைத்த சொற்கள் கொஞ்சம். ரேவதி மற்றவர்களின் பேச்சுக்குள் வருகிறாள், மற்றவர்களின் குற்றவுணர்வுக்கு ஊற்றாக இருக்கிறாள், பிறகு செத்துப்போகிறாள். இதை இமையத்தின் குறையாகச் சொல்லவில்லை. வார்டுக்குள் உறவுக்காரர்களை விடமாட்டார்கள், கதையும் அவர்களோடு கதவுக்கு வெளியே நிற்கிறது. அந்த வடிவத்துக்குள் அது சரி. ஆனால் இந்த நாவலை இலக்கிய உலகம் கொண்டாடியபோது, அவள் பிழைத்திருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று யாராவது கேட்டோமா? தழும்போடு அப்பா வீட்டுக்குத் திரும்பி, பக்கத்து வீட்டுக்காரி பார்க்கிற பார்வையில் தினமும் வெந்து, ஊராருக்குப் பதில் சொல்லிக்கொண்டு, 'ஏன் செஞ்சேன்' என்றும் 'ஏன் பொழச்சேன்' என்றும் ஒரே நாளில் ரெண்டையும் நினைத்து, அப்புறம் மெல்ல மெல்ல ஒருநாள் வேலை தேடிக் கிளம்புகிற ரேவதியை எழுத நம்மிடம் மொழி இருக்கிறதா? சாவு நாவலாசிரியருக்கு ஒரு முடிவைக் கொடுத்துவிடுகிறது. பிழைத்தவளின் கதைக்கு அப்படிச் சுலபமான கடைசிப் பக்கம் இல்லை.

4

வெளியே இருந்து ஒரு பிரதியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அமெரிக்கக் கவிஞர் சில்வியா பிளாத் எழுதிய ஒரே நாவல் 'தி பெல் ஜார்'. 1963 ஜனவரியில் லண்டனில் வேறு பெயரில் வெளிவந்தது. அடுத்த மாதமே, முப்பது வயதில், அவர் இறந்துபோனார். அதனால் அந்த நாவலை எல்லோரும் பின்னாலிருந்து முன்னால் வாசிக்கிறார்கள், ஒரு மரணத்தின் முன்னுரை மாதிரி. நாவலோ அதன் பிற்பகுதியில், தன்னைக் காயப்படுத்திக்கொண்ட எஸ்தர் என்கிற கல்லூரி மாணவி பிழைத்தெழுந்து மறுபடி படிப்புக்குத் திரும்புவதற்காக மருத்துவர்கள் முன்னால் போய் நிற்பதுவரை சொல்கிறது. பிழைத்தவளின் கதையையும் நாம் செத்தவளின் கதையாகத்தான் வாசிப்போம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் எஸ்தர் முகம் பார்க்கக் கண்ணாடி கேட்கிறாள். வீங்கிப்போய் நிறம் மாறிக் கிடக்கிற அந்த முகம் தன்னுடையதென்றே அவளுக்குப் பிடிபடவில்லை. கண்ணாடி விழுந்து உடைகிறது. தாதி திட்டுகிறாள். அவ்வளவுதான் காட்சி. பிழைத்தவளுக்கு முதலில் கிடைத்தது திட்டு. அவளுடைய அம்மாவோ நடந்ததையெல்லாம் கெட்ட கனவாக எடுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்கிறாள். எஸ்தருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, மறக்கிற உத்தேசமும் இல்லை. வீட்டுக்கு வீடு நடக்கிற விஷயம். பெற்றவர்களுக்கு மறக்க வேண்டும், பிள்ளைக்குப் பேச வேண்டும்.

தலித் வாசகர் இந்த நாவலைக் கும்பிட்டுவிட்டு நகர முடியாது. எஸ்தருக்குப் படிப்பு உதவித்தொகை கொடுத்த பணக்கார நாவலாசிரியைதான் பொது ஆஸ்பத்திரியிலிருந்து அவளை மீட்டுத் தனியார் மனநல விடுதியில் சேர்க்கிறார். அங்கே நோலன் என்கிற பெண் மருத்துவர் கிடைக்கிறார், ஒரு மனுஷியாகப் பேசுகிறார். அதாவது ஆறுவதற்கான நேரம் காசு கொடுத்து வாங்கப்பட்டது. அதற்கு முன்னால், பொது ஆஸ்பத்திரியில் சோறு பரிமாற வந்த ஒரு கறுப்பினத் தொழிலாளியை எஸ்தர் காலால் உதைக்கிறாள். நாவல் அவனை ஒரு கோமாளியாக்கிவிட்டுப் போய்விடுகிறது. வார்டில் தட்டெடுக்கிற, மலஜலம் அள்ளுகிற மனிதருக்கு ஒரு மனசு உண்டென்று அந்தப் பிரதிக்குத் தெரியவில்லை. நம்மூர் அரசு ஆஸ்பத்திரிகளில் அந்த வேலையைச் செய்பவர்களில் பெரும்பாலோர் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி ரெண்டு மணிக்குத் தூங்காமல் விழித்துக் கிடக்கிற பிள்ளையிடம் 'தண்ணி வேணுமாப்பா?' என்று கேட்பது பல சமயம் அந்த அக்காக்கள்தான். அவர்களிடம் இருக்கிற சாட்சியத்தையும் இதுவரை யாரும் கேட்டு எழுதவில்லை.

5

பிரதிகளை விட்டு மனிதருக்கு வருவோம். எங்கள் பகுதியில் ஒரு பையன். ஊர் பேர் வேண்டாம். காயத்தின் விவரமும் வேண்டாம், அது யாருக்கும் எந்த நன்மையும் செய்யாது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துக்கொண்டிருந்தான். வலது கை அடிபட்டுவிட்டது. இயக்க வேலையாக அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவனைப் பார்த்துப் பேசுவேன். தன் பேச்சை எழுதலாம் என்று சொன்னவன் அவனே. 'பேரு மட்டும் போடாதீங்கக்கா' என்றான்.

முதல் மாதம் அவன் சொன்னது: "எல்லாரும் மனசு சரியாயிடுச்சான்னு கேக்குறாங்கக்கா. இந்த ரெண்டு வெரலு மடங்க மாட்டேங்குது. வெரலு மடங்காம மனசு எங்கேர்ந்து சரியாவுறது?"

இந்த ஒரு வாக்கியம் எனக்கு நிறைய விளக்கியது. அரம் பிடிக்கிற கை அது. அந்தக் கையை வைத்துத்தான் வீடு ஒரு கணக்குப் போட்டிருந்தது. இரண்டு வருஷப் படிப்பு, அப்புறம் ஏதாவது கம்பெனியில் அப்ரண்டிஸ், அப்புறம் தங்கச்சி படிப்பு. உடம்பு தவிர வேறு சொத்தில்லாத குடும்பத்தில் காயம்பட்ட கை என்பது கடன்பட்ட நிலம் மாதிரி. அவனுடைய வருத்தத்துக்குள் இந்தப் பொருளாதாரம் முழுசாக இருக்கிறது. "அம்மா கொழுவுல லோன் எடுத்திச்சி. என்னாலதான். அத நெனச்சாதான்" என்று நிறுத்திவிடுவான். மனநலம் பேசுகிற மேட்டிமை எழுத்துக்கு இது வருத்தமாகவே தெரியாது. அங்கே வருத்தம் என்றால் நெஞ்சுக்குள் மட்டும் நடக்கிற சமாச்சாரம்.

அவனுடைய எரிச்சலைக் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் விரலுக்குப் பயிற்சி தருகிறார்கள். மெத்தென்ற பந்தை அமுக்க வேண்டும், துணி மாட்டுகிற கிளிப்பைத் திறந்து மூட வேண்டும். "இரும்ப ராவுன கைக்கா இது. கிளிப்பு தொறக்க மாட்டேங்குது. பக்கத்துல ஒரு சின்னப் புள்ள டக்கு டக்குனு தொறக்குது." வாரத்தில் ரெண்டு நாள் பஸ் பிடித்துப் போக வேண்டும், அம்மாவுக்கு அன்றைக்குக் கூலி போச்சு. முன்னேற்றம் ஒரு வாரம் தெரியும், அடுத்த வாரம் தெரியாது. அன்றைக்கு அவன் அம்மாவிடம் வள்ளென்று விழுவான், தட்டைத் தள்ளுவான். பார்க்கிறவர்கள் 'பெத்தவ உசுரக் குடுத்துப் பாக்குறா, இவனுக்குத் திமிரு அடங்கலயே' என்பார்கள். அது திமிர் இல்லை. குணமாகிக்கொண்டிருக்கிற உடம்பு வலிக்கும், அரிக்கும், ஏமாற்றும். கால் முறிந்து கிடக்கிறவன் எரிந்து விழுந்தால் வலியில் கத்துகிறான் என்கிறோம். இவன் கத்தினால் நன்றிகெட்டவன் என்கிறோம்.

வீட்டில் அவன் அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார்கள். "குளிக்கப் போனாக்கூட தங்கச்சி வெளிய நின்னு அண்ணா அண்ணான்னு கூப்புட்டுக்கிட்டே இருக்கா." ஆபத்தானவற்றைக் கொஞ்ச காலம் எட்டாமல் வைப்பதும் ஆள் பக்கத்தில் இருப்பதும் சரியான காரியங்கள். மருத்துவமும் அதைத்தான் சொல்கிறது. தப்பு எங்கே என்றால், அதை அவனோடு பேசிச் செய்யாமல் அவனுக்குத் தெரியாமல் செய்ததில். காவல் காக்கிறோமா, கூட இருக்கிறோமா என்பது பிள்ளைக்குத் தெரியும்.

பார்க்க வருகிறவர்களைப் பற்றி அவன் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "நான் செஞ்சத நெனச்சு எனக்கே வருத்தமாதான் இருக்குது. ஆனா வர்றவங்க நான் வருத்தப்படறனான்னு பாத்துட்டுப் போவத்தான் வர்றாங்க." ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து, மன்னிப்பை வசூல் செய்துகொண்டு போகிறோம். அவனுடைய வருத்தத்தை அவனுக்கே விடுவதில்லை.

சேரிக்கு வெளியே கேள்வி வேறு மாதிரி வரும். 'எந்தப் பொண்ணு?' இது வம்புப் பேச்சென்று விட முடியாது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரியில் நத்தம் காலனி உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகளைக் கொளுத்தினார்களே, அதற்கு முன்னால் சாதிமறுப்புத் திருமணம் ஒன்றும், பெண்ணின் தகப்பனார் மரணம் ஒன்றும் இருந்தன. ஒரு வீட்டின் துக்கத்தை இன்னொரு சாதியின் மீது ஏவிவிட முடியும் என்று கண்ட மாநிலம் இது. ஆகவே சேரியில் பிள்ளைக்கு இப்படி ஆனால் பெற்றவர்கள் வாயைக் கட்டிக்கொள்கிறார்கள். வெட்கம் பாதி, பயம் பாதி. அந்த மௌனத்துக்குள் பிள்ளையும் மாட்டிக்கொள்கிறது. யாரிடமும் சொல்லக்கூடாது என்று சொல்லப்பட்ட பிறகு ஆறுதல் எப்படி நடக்கும்?

6

நம்முடைய இயக்கத்தின் எழுத்துக்கு வருகிறேன். 2016 ஜனவரியில் ஹைதராபாத்தில் ரோஹித் வெமுலா. 2017 மார்ச்சில் டெல்லியில் சேலத்து முத்துக்கிருஷ்ணன். அதே ஆண்டு செப்டம்பரில் அரியலூர் அனிதா. 2019 மே மாதம் மும்பையில் மருத்துவர் பாயல் தட்வி. இவற்றை நிறுவனப் படுகொலை என்று பெயரிட்டது நம் அரசியலின் முக்கியமான வெற்றி. அந்தப் பெயர் இல்லாவிட்டால் 'மனசு பலவீனமான பிள்ளைகள்' என்று கோப்பை மூடியிருப்பார்கள். ரோஹித்தின் தாயும் பாயலின் தாயும் சேர்ந்து 2019இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். கல்லூரிகளில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்க வழி கேட்டார்கள். இதையெல்லாம் குறைத்துப் பேச நான் வரவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும், அதையும் நேராகவே எடுத்துக்கொள்கிறேன். மனசு, வருத்தம், எரிச்சல் என்று பேச ஆரம்பித்தால் அமைப்பின் குற்றம் தனிமனிதப் பிரச்சினையாகக் கரைந்துபோகும் என்பார்கள் தோழர்கள். எனக்கு நேர்மாறாகப் படுகிறது. நிறுவனம் குற்றவாளி என்றால் அதற்குக் கண்கண்ட சாட்சி யார்? பிழைத்து வந்தவர்தானே. விடுதியில் என்ன நடந்தது, எந்த வாத்தியார் என்ன சொன்னார், உதவித்தொகை எத்தனை மாதம் வரவில்லை, கூடவே வீட்டில் என்ன, காதலில் என்ன, உடம்பில் என்ன என்று அவரால் சொல்ல முடியும். காரணம் ஒன்றாக இருக்காது, பலதும் பின்னிக்கிடக்கும். அந்தப் பின்னலைச் செத்தவரின் கடிதம் முழுசாகச் சொல்லாது. கடிதத்தைக் கையால் எழுதி மாட்டி வைக்கிறோம், மொழிபெயர்க்கிறோம். உயிரோடு இருக்கிறவரிடம் ஒரு பக்கம் எழுதித் தா என்று கேட்பதில்லை. இளைஞர்கள் இதைக் கவனிக்கிறார்கள். நம் பத்திரிகைகளே செத்தவர்களுக்கு மட்டும் பக்கம் ஒதுக்கினால், மேடைத் தமிழ் சொன்ன அதே பாடத்தை நாமும் சொல்கிறோம் என்றுதான் அர்த்தம்.

2022ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். முயன்று பிழைத்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. அவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை என்பது பல நாட்டு ஆய்வுகள் காட்டிய உண்மை. ஆறுதல் நடக்கிறது. பெரும்பாலோருக்கு நடக்கிறது. அது எப்படி நடக்கிறது என்கிற கதைதான் எழுதப்படவில்லை. உலக சுகாதார நிறுவனம் சென்னை உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில் பிழைத்து வந்த 1,867 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தது, 2008இல் முடிவு வெளியானது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசி, அப்புறம் பதினெட்டு மாதத்தில் ஒன்பது தடவை நேரிலோ போனிலோ நலம் விசாரித்தார்கள். முதல் பகுதியில் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 சதவீதம், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். பெரிய மருந்தில்லை, மாயமில்லை. திரும்பத் திரும்பப் போய்க் கேட்டது அவ்வளவு வேலை செய்திருக்கிறது.

சட்டத்தையும் தெரிந்துகொள்வோம். இந்திய தண்டனைச் சட்டம் 309ஆவது பிரிவு, முயன்றவரை ஓராண்டு வரை சிறையில் போடலாம் என்றது. 1994இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது, 1996இல் மறுபடி செல்லும் என்றது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றது. 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309 இல்லை. ஆனால் அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ முயன்றால் குற்றம் என்று 226ஆவது பிரிவு இருக்கிறது. கலெக்டர் ஆபீசில் வருஷக்கணக்காக மனு கொடுத்து அலுத்துப்போனவர்களில் யார் இந்தப் பிரிவுக்குள் விழுவார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பையனின் கட்டிலுக்கு ஏட்டு வந்து எழுதிக்கொண்டு போனபோது, 'உன்மேல கேஸ் இல்லப்பா' என்று ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை. ரெண்டு மாதம் அந்தப் பயத்தோடே இருந்திருக்கிறான். சிகிச்சையும் மறுவாழ்வும் அரசின் கடமை என்ற வரியைச் சேரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம்முடைய வேலை.

எழுத்தில் இதற்கு முன்மாதிரியே இல்லையா? வேறொரு காயத்தைப் பற்றி இருக்கிறது. பாமாவின் 'கருக்கு' (1992). கன்னியர் மடத்தில் ஏழு ஆண்டுகள் இருந்துவிட்டு வெளியே வந்தவரின் புத்தகம் அது. போன வருஷங்களை நினைத்து வருத்தம், தன் சனங்களுக்குள் திரும்பி ஒட்ட முடியாத சங்கடம், வேலையில்லாத எரிச்சல், யார்மேல் என்று தெரியாத கோபம் எல்லாம் அதில் வெளிப்படையாக இருக்கிறது. நான் திருந்திவிட்டேன், நீங்களும் திருந்துங்கள் என்று அது வாசகருக்கு நீதி சொல்லவில்லை. ஆறிக்கொண்டிருக்கிற நிலையிலேயே எழுதப்பட்டது, ஆறி முடித்துவிட்டு எழுதப்பட்டதில்லை. வட்டார மொழியையும் தன்வரலாற்றையும் பற்றிப் பேசும்போது மட்டும் அந்தப் புத்தகத்தை எடுக்கிறோம். பிழைத்து வருகிறவர்கள் எழுதுவதற்கான வடிவத்தை அது அன்றைக்கே போட்டுக் காட்டியிருக்கிறது.

இலக்கியத்துக்கு வெளியேயும் நாம் செய்யக்கூடியது இருக்கிறது. முதல் வாரம் கும்பலாகப் போவதைக் குறைத்து, ரெண்டாம் மாதம், நாலாம் மாதம், ஒரு வருஷம் கழித்து ஒருவராகப் போவோம். ஏன் என்று கேட்காமல், இன்றைக்கு விரல் எப்படி, பஸ் கிடைத்ததா என்று கேட்போம். மறுபடி அந்த எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்கவும் பயப்பட வேண்டாம். கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, பேச வாய் கிடைக்கிறது. வருகிறது என்று சொன்னால் தனியே விடாமல் கூட இருந்து மருத்துவரிடம் அழைத்துப் போவோம். சென்னையில் 1986 முதல் சிநேகா அமைப்பு இயங்குகிறது. அரசின் 104, மத்திய அரசின் டெலி மானஸ் 14416 ஆகிய எண்களில் தமிழிலேயே பேசலாம், காசில்லை.

எழுதுகிற தோழர்களுக்கு: பிழைத்து வந்தவர்களிடம் பக்கம் கேளுங்கள். எப்படிச் செய்துகொண்டார் என்ற விவரம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். செய்தித்தாள்களுக்கே இந்தியப் பத்திரிகை மன்றம் 2019இல் அதைச் சொல்லியாயிற்று. கடைசியில் நீதி சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். வருத்தம் இருந்தால் வருத்தம், எரிச்சல் இருந்தால் எரிச்சல், அம்மாமேல் கோபம் என்றால் அதுவும் அப்படியே வரட்டும். திருத்துகிறேன் என்று கண்ணீரைக் கூட்டாதீர்கள். பேர் போட வேண்டாமென்றால் போடாமல் விடுங்கள். அந்தப் பையன் இப்போது இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறான். எழுத்து கோணல்மாணலாக வருகிறது, அதில் அவனுக்கு எரிச்சல். மூணு பக்கம் எழுதியிருக்கிறான். நாலாவது பக்கம் எழுதி முடித்ததும் இதே இதழுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.